துப்பாக்கியில் குறையில்லை

சுகர் லேண்ட்
விஜயதசமி கழிந்து நான்காம் நாள்

அன்பு மகள் வான்மதிக்கு,

எடிசன் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி இனியனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதறாமல் படி. குளிர் ஆரம்பித்திருக்கும், இனியனைக் காதை மூடாமல் வெளியே விடாதே. ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் உன் குரல் மாறினால் நான் உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அதனால்தான்.

ரிட்டயர் ஆன வருஷம் ஒரு பழைய துப்பாக்கி வாங்கினேனே, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிய எம்-1 கராண்ட், அதற்காக நீகூட ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு வருஷமாக அதில் நான் சுடுகிற குண்டுகள் இலக்குத் தாளில் சிதறிக்கொண்டே வந்தன. முப்பது வருஷம் ரிஃபைனரியில் மீட்டர்களைச் சரிபார்த்தவன் நான், அளவு தப்பினால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன். துப்பாக்கியின் மரக்கட்டை தளர்ந்திருக்கிறது என்று ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, இரும்பு அசையாமல் உட்காரும்படி இறுக்கச் சொன்னேன். குழலில் உரசிய மேல்மரத்தைச் சீவினோம், முன்னால் குறி பார்க்கும் முள்ளை மாற்றினோம், தோட்டாவையும் மாற்றிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா சிரிப்பாள். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இனியாவது நேராகச் சுடட்டும் என்றாள்.

விஜயதசமி காலையில் நஞ்சுண்டன் அங்கிளோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். என் எட்டுக் குண்டும் எட்டுத் திசையில் போயின. பிறகு அவர் உட்கார்ந்தார், அதே துப்பாக்கி, அதே மேஜை, அதே டப்பாத் தோட்டா. எட்டையும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் போட்டார். உங்க துப்பாக்கி பர்ஃபெக்ட் மாரிசாமி என்று சந்தோஷமாகக் கத்தினார் பாவம். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரிபார்க்க இனி என்னைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

வலது கை இரண்டு வருஷமாக நடுங்குகிறது வான்மதி. காபி டம்ளரை இடது கைக்கு மாற்றியதும், உன் பிறந்தநாளுக்குக் கைப்பட எழுதாமல் டைப் பண்ணி அனுப்பியதும் அதனால்தான். தெரிந்துகொண்டேதான் கட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். பயம் அம்மா, வேறென்ன. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இப்போது ஃப்ரீவேயில் ஐம்பது மைலில் மெதுவாக ஓட்டுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டு வருகிறேன். அந்தப் பழமொழியை மட்டும் அப்புறம் அவள் சொல்லவே இல்லை. நேற்று டாக்டர் பார்த்தார், பார்க்கின்சனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். துப்பாக்கியை நஞ்சுண்டன் அங்கிளிடமே கொடுத்துவிட்டேன்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. அரிசித் தட்டில் உன் விரலைப் பிடித்து அனா எழுத வைத்த கைதான், கோணலைப் பார்த்துச் சிரிக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். காலையில் ட்ரெயினைப் பிடிக்க ஓடாதே, ஒன்று போனால் இன்னொன்று வரும். லீவு போட்டு வர வேண்டாம் என்று எழுதத்தான் பேப்பரை எடுத்தேன். மூன்று நாளும் அதை மட்டும் எழுத முடியவில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு வந்துவிடு அம்மா.

உன் அப்பா,
மாரிசாமி