நிலாவுக்கு ஒரு பச்சை ஓரம்

மார்ச் 3, செவ்வாய்

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் அட்டை இன்று எங்கள் அச்சகத்தில் மெஷினில் ஏறியது. பூமிக்கு முன்னால் நிலா நிற்கும் படம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூமி நீலமும் வெள்ளையுமாகப் பளபளக்கிறது. நிலாவோ, யாரோ கத்தரிக்கோலால் வெட்டிப் பசை போட்டு ஒட்டியது மாதிரி, அழுக்குச் சாம்பல் நிறத்தில். நிழல் இல்லை. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. நாம் தினமும் பார்க்கிற நிலா முகமே இல்லை.

"விண்வெளியில எடுத்ததாம்! யாரை ஏமாத்தறாங்க?" என்றேன்.

மச்சான் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்ததை அடிக்கிறதுதான் நம்ம வேலை மாப்ள. நிஜமா பொய்யான்னு கேக்கிறதுக்கு வேற ஆள் இருக்காங்க."

அவர் என் மனைவியின் அண்ணன். இந்த மெஷினில் இருபத்திரண்டு வருஷம். எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் அடிக்கும் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. "எங்கண்ணனுக்கே மார்க் போடுற ஆளு" என்று அவள் அடிக்கடி கிண்டல் செய்வாள்.

மார்ச் 4, புதன்



பத்தரை மணிக்கு லென்ஸை வைத்தேன். நிலாவின் வலது ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. இடது ஓரத்தில் லேசாகச் சிவப்பு. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்றால் இப்படித்தான் பிசிறும். "ரிஜிஸ்டர் அவுட்! மெஷினை நிறுத்துங்க!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அவ்வளவு கத்த வேண்டியதில்லை.

மச்சான் வந்து லென்ஸை வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார். "மூலையில கலர் பொருந்துதான்னு பாக்கிற குறி நாலும் கச்சிதமா உக்காந்திருக்கு. எழுத்து சுத்தம். பூமி சுத்தம். நிலா மட்டும் எப்படி மாப்ள தனியா நகரும்?"

"பிளேட்டுக்குத் தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க. தாள் நடுவுல ஊறி இழுத்திருக்கும். கண்ணைத் திறந்து பாருங்க!"

கண்ணைத் திறந்து பாருங்க. இதை அவரிடம், பைண்டிங் ஆட்கள் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னேன். என் பின்னால் மேனேஜர் நின்றது தெரியாது. ஜனவரியில் அச்சுப் பிளேட் மாறிப்போனதற்காக மச்சானுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இது இரண்டாவது. மேனேஜர் பிழைச்சீட்டை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். மறுபடி கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று மச்சானை அனுப்பிவிட்டார்கள். அனேகமாக வேலையே போய்விடும் என்கிறார்கள்.

சொந்தக்காரர் என்று விட்டிருந்தால் நாளைக்கு என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? நான் செய்தது சரி. சரிதானே?

மார்ச் 5, வியாழன்

வீட்டில் பேச்சு இல்லை. தட்டை என் முன்னால் "டங்" என்று வைத்தாள் என் மனைவி, அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

மேனேஜர் சொன்னதால் டிசைனர் படத்தையே "சரி செய்து" விட்டார். இனி பிசிறினாலும் தெரியாதபடி நிலாவின் ஓரத்தை மழுப்பினார். நிலாவை வெளுத்தார். வேறெங்கிருந்தோ நமக்குப் பழகிய நிலா முகத்தை எடுத்துப் பொருத்தினார். சுற்றிலும் நட்சத்திரம் தூவினார். "இப்பத்தான் நிஜம் மாதிரி இருக்கு" என்று மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

டிசைனர் கையில் இருந்த அசல் ஃபைலை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 9, திங்கள்

பாடம் எழுதிய டீச்சரம்மா மாதிரித் தாளைப் பார்க்க வந்தார். மேனேஜர் வெளியே போயிருந்தார். அறையில் நானும் அவரும் மட்டும்.

"யாருங்க இந்த நிலாவை மாத்தினது?" குரலில் அனல் பறந்தது.

ஓரத்தில் பச்சை பிசிறியதைச் சொன்னேன். அச்சுத் தவறு என்றேன்.

"அது அசல்லயே இருக்குங்க! அதை எடுத்த விண்கலத்துக் கேமரா கறுப்பு-வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம்னு வடிகட்டியை மாத்தி மாத்தி, அரை நிமிஷத்துக்கு ஒண்ணா எடுக்கும். அப்புறம் மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வைப்பாங்க. உங்க அச்சு மாதிரியேதான். அதுக்குள்ள நிலா ஓடிக்கிட்டே இருக்கே! அந்தக் கோடு அது நகர்ந்த தடம்."

"நிலா மட்டுமா?"

"நிலா மட்டும்தான்."

அவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். நிலா அசலில் பழைய தார் ரோடு நிறமாம். கறுப்பு வானத்தில் தனியாக நிற்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறதாம். "பூமி பக்கத்துல வந்து நின்னா குட்டு வெளிப்பட்டுடும்" என்று அந்தக் கோபத்திலும் சிரித்தார். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் நிழல் எதுவும் கண்ணில் படவில்லை. பூமியின் வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல் எடுத்தால் நட்சத்திரம் பதியாது. நமக்குப் பழகிய முகம் தெரியாததற்குக் காரணம், படத்தில் இருப்பது நிலா நமக்கு ஒருநாளும் காட்டாத பின்பக்கம்.

அசல் படத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, இதைத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். லென்ஸை எடுத்து வைத்தேன். வலது ஓரத்தில் பச்சை.

மார்ச் 10, செவ்வாய்

மேனேஜரிடம், "டீச்சரம்மாவுக்குப் பழைய படமே வேணுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

கோழை. வேறென்ன?

மார்ச் 11, புதன்

அவள் இன்று வாயைத் திறந்தாள். "அண்ணி போன் பண்ணாங்க. அண்ணன் கண் டாக்டர்கிட்டப் போயிருக்கு. கண்ணுல ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் சொல்றாராம். அண்ணன் நம்ப மாட்டேங்குதாம். வேற டாக்டரைத் தேடிக்கிட்டு இருக்கு. சந்தோஷமா உங்களுக்கு?"

தட்டைத் தள்ளி வைத்தேன். சொல்லிடணும். நாளைக்கே சொல்லிடணும். முதல்ல அவர்கிட்ட.

மார்ச் 12, வியாழன்

வேலை முடிந்து நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதே பத்தியைப் படித்தார். என்னைப் பார்த்ததும், எதுவுமே நடக்காத மாதிரி, "வா மாப்ள, உக்காரு" என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேமரா, வடிகட்டி, அரை நிமிஷம். "நிலாதான் மச்சான் நகர்ந்திருக்கு. நீங்க அடிச்சது கச்சிதம். தப்பு என்னோடது."

செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு சிரித்தார்.

"நிலா தனியா நகர்ந்துச்சாம்! ஏன் மாப்ள, என்னைத் தேத்தறதுக்கு வேற கதை கிடைக்கலையா?"

"சத்தியமா மச்சான்."

"நீ கெட்டிக்காரன். உனக்குத் தெரியாம இருக்குமா? நான்தான் கவனிக்கலை. எழுதியும் குடுத்துட்டேன்." பார்வைக் குறைவால் நேர்ந்த தவறு என்று நேற்றே மேனேஜருக்குக் கடிதம் அனுப்பிவிட்டாராம். டீச்சரம்மாவின் படத்தை நீட்டினேன். லென்ஸையும் கொடுத்தேன். வாங்கவே இல்லை. "வேணாம் மாப்ள. என் கண்ணை வெச்சு நான் என்னத்தைப் பாக்கிறது?"

மச்சான் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் முதல் வேலையாக மேனேஜர் மேஜையில் அசல் படத்தையும் நான் கையெழுத்துப் போட்ட பிழைச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டீச்சரம்மா திங்களன்று விளக்கியதையும் சொன்னேன். மேனேஜர் லென்ஸில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அசலோட ஒத்துப் பாக்காமலேயா கையெழுத்துப் போட்டே?"

"ஆமா சார்."

"நாலு நாளா தெரிஞ்சும் சொல்லலை?"

"ஆமா சார்."

மச்சானின் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். என்னைத் திங்கள் முதல் பைண்டிங்குக்கு மாற்றிவிட்டார். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஆனது. பொய் சொல்வானேன்?

மார்ச் 17, செவ்வாய்

மச்சான் வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் அவள் பேசினாள். "ரசத்துல உப்பு சரியா இருக்கா?" என்றாள். கடலளவு இருந்தது. சரியா இருக்கு என்றேன்.

மார்ச் 30, திங்கள்

அட்டை அச்சாகிறது. அசல் படம்தான், பச்சை ஓரத்தோடு. என் இடத்துக்கு வந்த புதுப்பெண் நன்றாக வேலை பார்க்கிறாள். முதல் தாளை அசலோடு வைத்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பத்து மணி வாக்கில் மச்சான் மெஷினை ஓடவிட்டுவிட்டு, அந்தத் தாளோடு பைண்டிங் பக்கம் வந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். நான் இங்கே வந்த நாளாக அவர் யாரிடமும் தாளை நீட்டிக் கருத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மாப்ள, ஒரு தடவை பாத்துச் சொல்லேன். சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு மச்சான்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் மச்சான்."

தலையாட்டிவிட்டுப் போனார். இன்று மட்டும் ஏழு தடவை வந்தார்.