கட்டுக்கட்டாக வந்த உறைகள்

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? எனக்குச் சளிதான், நான் தும்மினால் மூன்று மாடியும் ஆடுகிறது, மற்றபடி சுகம்.

வெள்ளிக்கிழமை பாப்பாவை அந்தப் பெரிய சட்டக் கல்லூரியில் சேர்க்காதே. அறிவுசார் சொத்துரிமை படிக்க ஈரேழு உலகிலும் அதற்கு ஈடில்லை என்று முழங்கியவன் நான்தான். அந்தக் கல்லூரி முத்திரையோடு எங்கள் காப்புரிமை அலுவலகத்துக்குத் தினமும் உறைகள் மலைபோல் குவிவதைப் பார்த்துச் சொன்னேன். நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வரும் வக்கீல் அம்மாவிடம் இதைப் பெருமையடித்தேன்.

"ஐயோ! அதெல்லாம் அங்க படிச்சவங்க காலேஜ் மூலமா வேலை கேட்டுப் போடுற மனு. இந்தப் பாடத்துக்கு அங்க ஒரு வாத்தியார்கூட இல்லையே. உங்க அக்கா பொண்ணு வேற எதைக் கேட்டா?"

பாப்பா ஆசைப்பட்ட, நான் கோழிக்கூடு என்று கேலி செய்த சின்னக் கல்லூரியைச் சொன்னேன். "அதுதான் சரி. பொண்ணு விவரமாத்தான் இருக்கா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவளிடம் நீயே சொல்லிவிடு. என் கம்பளிச் சட்டையை அனுப்பு. முகவரியைப் பாப்பா கையால் எழுதினால் சந்தோஷப்படுவேன். ஆனால் இனி 'சட்ட ஆலோசகர்' என்று போட வேண்டாம், அக்கா. உறையைப் பிரிக்கும் அதிகாரம்கூட எனக்கில்லை. 'தபால் அறை' என்று போட்டால் வந்துசேரும்.

அவசரத்தில்,
உன் தம்பி