டிரையரில் காய்ந்த முயல்

உடும்பஞ்சோலை
ஆகஸ்ட் 6, புதன்

அன்புள்ள மகள் ரிஞ்சுவுக்கு, உன் சித்தப்பா பவுல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் உன் சித்தி கத்தரீனாளும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே குவைத்தில் நீயும் நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரிய அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் கைக்கு வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது, அது உனக்கே தெரியும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து இவன் கலெக்டராக வேண்டியவன் என்று ஹெட்மாஸ்டரே சொன்னார், அதனால் தைரியமாக எழுதுகிறேன். லீவு முடிந்து சனிக்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிற ஜிபி இதை உன் கையிலேயே தருவாள்.

இங்கே மழை. நாற்பது நாளாகச் சூரியனை யாரும் பார்க்கவில்லை, குமுளி பஸ் ரோட்டில் வருகிறதா ஆற்றில் வருகிறதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை ஜோமோன் குமுளிக் கடையிலிருந்து ஞாயிறுதோறும் வந்து பிள்ளை டின்டுவைப் பார்த்துவிட்டுப் போகிறார், நல்ல மனுஷன், கொஞ்சம் இளைத்துவிட்டார். ஏலக்காய் காயவைக்கிற எஸ்டேட் ஸ்டோரில் எனக்கு ஓய்வே இல்லை. டிரையருக்குள் உள்ளங்கையை நீட்டி ஐம்பது டிகிரியா ஐம்பத்தொன்றா என்று சொல்லக்கூடியவன் இந்தத் தாலுக்காவில் நான் ஒருத்தன்தான், போன வாரம் வந்த வியாபாரி நம் காயின் பச்சை நிறத்தைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டான். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் மகளே இப்போது வினையாக வந்து நிற்கிறது.

டின்டுவின் முயல் பொம்மை விஷயம். அதை நான் துவைத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் நம் வீட்டில் குடும்ப ஜெபம், பங்குச் சாமியாரும் இருபது வீட்டுக்காரர்களும் வருவதாக இருந்தது, நான் எண்பது பேர் என்று சொல்லி நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் பிள்ளை கருத்துப்போன ஒரு முயலை மூக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றால் பவுல்ராஜ் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள். அவள் அங்கன்வாடிக்குப் போன நேரம் பார்த்து சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் நாலு அடி அடித்து, டெட்டாலில் அலசினேன். வெயிலுக்கு எங்கே போவது, அதனால் ஸ்டோருக்குக் கொண்டுபோய் டிரையரில் ஏலக்காயோடு தட்டில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் கடையில் வாங்கின அன்று இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது, தோளில் வைத்து எஸ்டேட் முழுக்க எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தேன்.

பிள்ளை ஓடி வந்து வாங்கினாள். காதைப் பிடித்து மூக்கில் வைத்தாள். திருப்பி வயிற்றுப் பக்கம் மோந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, இதுல அம்மா இல்ல தாத்தா, அம்மா எங்க போயிட்டாங்க என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் சித்திதான் அப்புறம் சொன்னாள், நீ விமானம் ஏறுவதற்கு முன்பு ஒரு மாதம் அந்த முயலைக் கழுத்துக்கு அடியில் வைத்துப் படுத்தாயாம், அம்மா இதுக்குள்ளயே இருப்பேன், தேடுச்சுன்னா மோந்து பாரு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். எனக்கு யார் சொன்னார்கள். தெர்மாமீட்டர் பாக்கத் தெரிஞ்ச மனுஷனுக்குப் புள்ள மூஞ்சியப் பாக்கத் தெரியல என்று சித்தி அன்றிலிருந்து என்னைப் பேசுகிறாள். அவள் மட்டும் யோக்கியமா, நீ விட்டுப்போன நைட்டி, சால்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தவள் அவள்தான். பிள்ளை அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். எல்லாம் அந்துருண்டை நெடி. இந்த வீட்டில் இப்போது உன் வாசனை உள்ள துணி ஒன்றுகூட இல்லை.

குமுளிக்கே போய் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கரடி வாங்கி வந்தேன், கடைக்காரனே இதை வாங்க கொச்சியிலிருந்துதான் ஆள் வரும் என்றான். டின்டு அதைப் பார்த்து அலறினாள், கரடி இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. எட்டு மணிக்குப் படுக்கப் போட்டால் படுப்பதில்லை. வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், அம்மா வந்தா கதவு தொறக்கணும்ல என்கிறாள். உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்த பிறகுதான் தூக்கி வருகிறோம். சோறு நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. அங்கன்வாடியிலும் பேச்சில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். டாக்டரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்.

இதையெல்லாம் உன்னிடம் நான் சொன்னது எப்படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கேட்டபோது, டின்டு பொம்மையெல்லாம் மறந்துட்டா, பெரிய மனுஷியா ஆயிட்டா, எட்டடிச்சா படுத்துர்றா என்று சொன்னேன். அப்பன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன் சித்தப்பா, மாசக் கடைசிக்குள்ள பதில் கேட்டுருக்காங்க என்றாய். போடு மகளே, ராணி மாதிரி வச்சிருக்கேன் என்றேன். அப்போது அவள் எனக்குப் பின்னால் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். உன் குரல் கேட்டுத் திரும்பியவள் முகத்தை நீ பார்த்துவிடுவாய் என்று பயந்து போனை அணைத்தவன் நான்தான். நெட்வொர்க் போய்விட்டது என்று அப்புறம் சொன்னதும் நான்தான். உன் அப்பா, என் அண்ணன், இறந்துபோன பிறகு ஒன்பது வயதில் உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்த நாள்முதல் எதையும் பெரிதாக்கித்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் சிரித்துக்கொண்டு கேட்பாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை. மழைக்கு ரோடு ஆறாக ஓடியது வேண்டுமானால் பொய்யாக இருக்கட்டும், பிள்ளை தூங்காததில் ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருந்துகொள் என்றும் வரவில்லை. நீங்கள் கட்டுகிற வீட்டுச் சுவர் பாதியில் நிற்பது எனக்கும் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள், அவரிடமும் நான் முழுதும் சொல்லவில்லை, இந்த ஞாயிறு சொல்லிவிடுவேன். இப்போதைக்கு ஒன்று செய். நீ உடுத்திப் படுக்கிற நைட்டி ஒன்றை ஒரு வாரம் மாற்றாமல் உடுத்து, துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, இருபதாம் தேதி அங்கிருந்து ஊருக்கு வருகிற ஜின்சன் கையில் கொடுத்துவிடு. கவரை நான் தொட மாட்டேன், சித்தியும் தொட மாட்டாள், டின்டுவே பிரிக்கட்டும். நீ இதைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்காதே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு ஏசியில் நிற்காதே.

மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைக்கு நல்ல உறக்கத்தைத் தரட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருநாள் இங்கே ராத்திரி எட்டு மணி ஆகும்போது, உனக்கு அப்போது ஐந்தரை, வீடியோவில் கூப்பிடு. போனை நான் எடுத்து ஏதாவது பேச ஆரம்பித்தால் கேட்காதே, வாசல்படிக்குக் கொண்டுபோகச் சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
பா. பவுல்ராஜ்