டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதில்

மாசி 14, வியாழன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சிறுநீரில் நுரை இருக்கிறதா என்று பார்த்தேன். நேற்றைவிட அதிகம். லூபஸ் வந்து ஆறு வருடம். என் உடம்பே என் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

பத்து மணிக்குச் சென்னை டாக்டர் அழைத்தார். என் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, மாற்றி, திரும்ப எனக்கே ஏற்றும் ஆராய்ச்சி சிகிச்சையில் ஓர் இடம் இருக்கிறதாம். குணமாகலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். நாளைக்குள் பதில் வேண்டும்.

மத்தியானம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன்.

"புது அயிட்டம்னா பொட்டல்ல வச்சு, நீளத் திரி போட்டு, தள்ளி நின்னுல்ல பாப்போம். நீ என்ன சாம்பிளா?" என்றார்.

"சாம்பிள் வெடிச்சுப் பாக்காம எந்த அயிட்டத்துக்கு நீங்க ஆர்டர் எடுத்தீக?"

"வெடிச்ச சாம்பிள என்னைக்காவது வீட்டுக்குக் கொண்டாந்துருக்கேனா? டயாலிசிஸ் பண்ணிக்கிட்டாவது இங்கன இரு. போதும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. ரசம் ஊற்றினேன்.

நாளை அவர் கம்பெனிக்குக் கிளம்பியதும் டாக்டரிடம் சரி என்று சொல்லிவிடுவேன். கணவரிடம், சென்னைக்கு டிக்கெட் எடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.