பீலியில் வந்த பச்சை

மாப்ளே,

முந்தாநாளிலிருந்து என் வலது கை பச்சையாக இருக்கிறது. மழை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் பரண் மேல் ஏறினேன். மூலையில் நீ விட்டுப்போன சாயப்பொடி டப்பா. பேசாமல் இறங்கியிருந்தால் நான் நானா? திறந்தேன், கொட்டியது. குளியலறையில் கழுவக் கழுவத் தண்ணீர் பளபளவென்று பச்சையாய் ஓடியது. "ஏனுங்க, இந்த வயசுல பச்சை குத்திக்கிட்டீங்களா?" என்றாள் என் மனைவி, நீ தங்கச்சி என்று கூப்பிட்டவள்.

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று இந்த அரவேணுத் தெருவுக்கே காட்டிக்கொடுத்தவன் நீதானே.

நாடு முழுவதற்கும் பூமிப்படம் போடுகிற வேலை உனக்கு. எந்த மலையில் என்ன தாது கிடக்கிறது என்று ஒரு படம். எந்த மண்ணில் மேலே விட்ட அழுக்கு சீக்கிரம் நிலத்தடி நீரில் சேரும் என்று இன்னொரு படம். சுத்தியலோடு வந்து என் ஜெராக்ஸ் கடையில் நீ உட்காரும்போதெல்லாம், கல்லூரியில் கடைசி பெஞ்சில் என் தோளில் தூங்கியவனா இவன் என்று சந்தேகமாக இருக்கும்.

தெருவுக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஓர் ஊற்று. குழாய் சொருகி, அதில் விழும் தண்ணீரைத்தான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்காரர்கள் குடித்தார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அந்தக் குழாய் ஊற்றைப் பீலி என்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. மேலே புதிதாக முளைத்த லாட்ஜின் கக்கூஸ் குழிதான் காரணம் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. என் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிசு. லாட்ஜ் முதலாளியைப் பற்றி எனக்கு வேறு சில சங்கதிகளும் தெரியும். அதெல்லாம் உன் காதில் ஏற்கெனவே ஓதியாகிவிட்டது.

நீ லாட்ஜ் குழியில் சாயம் ஊற்றிய அன்று தேர் பார்க்க வந்த மாதிரி கூட்டம். "குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க. பீலியில பச்சை வந்தா இங்கிருந்து போகுதுன்னு அர்த்தம்" என்றாய். நாட்கள் போயின. பச்சை வரவில்லை. "எதுக்கும் உன் ஊட்டுக் குழியில ஊத்திப் பாக்கலாமா?" என்று கேட்டாய். "ஊத்திக்க மாப்ளே, நம்முளுது நல்ல குழி" என்றேன். கக்கூஸ் குழிக்காக இவ்வளவு பெருமைப்பட்ட மனிதன் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் காலை கீழே அலறல். கொழுந்து பறிக்கிற மாரியம்மா குடத்தோடு மேலேறி வந்து என் கடை வாசலில் இறக்கினார். குடத்துக்குள் கிளிப்பச்சை.

"இது யாரு வீட்டுது?"

வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் கையைத் தூக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப இத்தன நாளும் உங்க வீட்டுதைத்தான் எம் புள்ளைக்குக் குடிக்கக் குடுத்தேனா, ஐயா?"

மற்ற வீட்டுக் குழிகளும் இப்படித்தான் என்று நீ வீடு வீடாகச் சொன்னாய். எல்லோரும் சேர்ந்து, அடித்தளம் பூசிய ஒரே தொட்டி கட்டினால் பீலி தேறிவிடும் என்று கெஞ்சினாய். கூட்டம் போட்டோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: குடிதண்ணீரில் சாயம் கலந்த அதிகாரி மீது புகார். மனு டைப் ஆனது என் கடையில்தான். எழுத்துப் பிழைகளை நானே திருத்தினேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஒரு பிழைகூட இல்லியே மாப்ளே, நம்ம தமிழய்யா பாத்தா அழுதிருப்பாரு" என்று சிரித்தாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

உன்னை வேறு மலைக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் தண்ணீர்ப் படத்தை என் கடைச் சுவரில் மாட்டினாய். எங்கள் சரிவு முழுக்கச் சிவப்பு, அழுக்கு சீக்கிரம் இறங்கும் மண் என்று. "சிவப்பு போட்டாச்சு. யாராவது பாப்பாங்க" என்றாய். பார்க்காமல் என்ன? "நம்ம ஊரு சிவப்பா இருக்குதுங்களே, தோழர்களுக்கு விட்டுட்டாங்களா?" என்று ஒருவர் கூட்டணிக் கணக்கே போட்டார். மவுசெல்லாம் உன் தாதுப் படத்துக்குத்தான். பக்கத்துச் சரிவில் பாக்சைட் என்று தெரிந்ததும் நிலத் தரகர் கத்தையாகக் காப்பி எடுத்துப் போனார். தண்ணீர்ப் படத்துக்கு இதுவரை ஒருவரும் காப்பி கேட்கவில்லை.

கோவை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு நீ கேட்டது ஒன்றுதான்: "பீலி எப்படி இருக்குது?" ஊர் வாயெல்லாம் என் வாயில் என்பாயே, அன்றைக்கு அதில் ஒரு சொல்தான் இருந்தது. "இருக்குது" என்றேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. தெருவில் வீட்டுக்கு வீடு மாடி ஏறியிருக்கிறது. குழிகள் பழையவைதான்; என் குளியலறைத் தண்ணீரும் அதே குழிக்குத்தான்.

இன்று மூன்றாம் நாள் அல்லவா, காலையில் கீழே இறங்கிப் போனேன். வந்திருந்தது மாப்ளே. மெலிசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், உன் பச்சை. என்னையறியாமல் அலறலுக்காகக் காத்து நின்றேன். குடம் வைக்கிற கல்லில் பாசி. ஒரு ஆள் இல்லை.

திரும்பும் வழியில் மாரியம்மா, தோளில் கடையில் வாங்கிய தண்ணீர் கேனோடு. "பீலியில பச்சை வருதுங்க" என்றேன்.

"வரட்டும் ஐயா. அதை இப்ப யாரு தொடுறா?" என்று நிற்காமல் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தேன். உள்ளங்கை வெளுத்துவிட்டது, நக இடுக்கில் மட்டும் இன்னும் இருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறாள் உன் தங்கச்சி. தேய்த்தால், அதுவும் அங்கேதான் போகும்.