விருந்தாளி விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடி போட்டு, கடையில் மாப்பிள்ளையின் நாற்காலிக்கு மேலே மாட்டியாகிவிட்டது. என் பெயர், அதற்குக் கீழே ‘வாகன விளக்குப் பொருத்துநர்’ என்று அச்சில். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுதான் முதல் சான்றிதழ். நின்றது தியாகம் எல்லாம் இல்லை. வாத்தியார் கணக்குக்கு அடித்தார், ஜன்னல் ஏறிக் குதித்து வந்துவிட்டேன்.

தங்கை பத்தாவது முடித்தவள். பரீட்சைப் பாடத்தை எனக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். மாப்பிள்ளை என்பது அவள் புருஷன். கடை அவருடையது. நான் மச்சான் என்பதால் வேலை என்னுடையது.

இந்த நோட்டு வாங்கியது கார்களைக் குறித்துவைக்க. அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். முன்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று இதை ஆரம்பித்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, கதை எழுதறீங்களா?”

“உன்னப் பத்திதான். ஒரு நோட்டு பத்தாது போல.”

ஈரத்துணி முகத்தில் வந்து விழுந்தது. குறி தப்புவதே இல்லை அவளுக்கு. விளக்கு வேலைக்கு வந்திருக்க வேண்டியவள்.

மார்ச் 11

எங்களிடம் வருவது எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கார். பழைய கார்கள், கப்பலில் வருகின்றன. வருகிற நாட்டில் வண்டிகள் தெருவின் எதிர்ப்பக்கமாக ஓடும். ஆகவே அங்கத்திய முன்விளக்கு ஓரமாக நடக்கிறவன் தெரியட்டும் என்று அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கி அடிக்கும். அதே காரை இங்கே ஓட்டினால் அந்தத் தூக்கல் நேராக எதிரே வருகிறவன் கண்ணில் போய்க் குத்தும். சட்டம் என்ன சொல்கிறது? ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டுமாம். விளக்கு மட்டும் இந்த நாட்டு விளக்காக இருக்க வேண்டுமாம். பின்னால் சிவப்பாக மினுக்கும் இண்டிகேட்டரையும் மஞ்சளாக்க வேண்டும். அது அரை நாள் வேலை.

முன்விளக்குதான் தலைவலி. சரியான ஜோடி சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தால் யானை விலை.

எங்களிடம் ஒரு ஜோடி இருக்கிறது. ஒரே ஒரு ஜோடி. பதிவுக்கு முன் அரசு அலுவலகத்துச் சோதனைக்குப் போகிற காரில் அதை மாட்டுவேன். கார் பாஸாகித் திரும்பி வந்ததும் கழற்றி, பழையதை மாட்டி அனுப்பிவிடுவோம். சொந்தக்காரருக்குத் தெரியாது. அந்த ஜோடிக்கு ‘விருந்தாளி’ என்று பெயர் வைத்தவன் நான்தான். காலையில் மாப்பிள்ளை கேட்பார், “மச்சான், விருந்தாளி உள்ள வந்தாச்சா?” மாலையில், “விருந்தாளி கெளம்பியாச்சா?” எல்லாரும் சிரிப்போம்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்பதாவது கார். பம்பரைக் கழற்றி, விளக்கை மாற்றி, மறுபடி பூட்ட இருபத்தைந்து நிமிடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். “கண்ணக் கட்டறதுதானே நம்ம தொழிலே” என்றாள் டீயை வைத்துவிட்டு.

சிரித்தேன். பிறகு டீயைச் சாக்கடையில் ஊற்றினேன்.

மே 19

சோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘பொருத்திய விளக்கின் எண்’. கண்ணாடியின் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடியாக இருக்கும். டார்ச் அடித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுகிறேன். கீழே என் கையெழுத்து. இப்போது கையெழுத்தில் ஒரு சுழி சேர்த்திருக்கிறேன். நன்றாக வருகிறது.

சோதனை அலுவலகத்து அம்மா இன்றைக்குச் சொன்னார், “உங்க படிவம்தான் படிக்கிற மாதிரி இருக்கு.” வீட்டில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை ஆரம்பிக்கும்போது மனைவி விளக்கை அணைத்துவிட்டாள்.

ஜூன் 7

மழை. வேலை இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடிந்தும் விடியாத நேரத்தில் ரயில்வே பாலத்து வளைவில் பேப்பர் போடுகிறவர் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்துவிட்டாராம். எதிரே ஒரு வெள்ளைக் கார். இடிக்கவில்லை. வெளிச்சத்தில் கண் தெரியாமல் இவராகத்தான் விழுந்தார் என்கிறார்கள்.

வெள்ளைக் கார் ஊரில் எத்தனையோ இருக்கிறது.

கார் எண்ணை விசாரித்து வந்து, நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். பதினேழாவது. நான் மாட்டியது. நான் கழற்றியது.

ஆகஸ்ட் 16

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெரிந்தவர் மாதிரி பழம் வாங்கிக்கொண்டு. முழங்காலுக்குக் கீழே ரெண்டு இடத்தில் முறிவு. என்னை விட வயதானவர்.

“வெளிச்சம் கண்ணுக்குள்ளயே பூந்துடுச்சுங்க. ரோடு வளையுதுன்னே தெரியல. அந்த ஆளும் பாவம் எறங்கி வந்தாரு. ‘லோ’லதான் வெச்சிருந்தேன்னு சத்தியம் பண்றாரு.”

அவர் சத்தியம் உண்மைதான். தாழ்த்தி வைத்தாலும் அந்த விளக்கு குத்தத்தான் செய்யும்.

“நீங்க யாருங்க, எந்தத் தெரு?” என்று கேட்டார். நம்ம தெருதான் என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். வாயே பிழைப்பு என்று இருக்கிறவன். வராந்தாவை ஓட்டமாகக் கடந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாம் போச்சு.

பாலத்து வளைவில் நின்ற காரைச் சோதனை அலுவலகத்துக்கு இழுத்துப்போயிருக்கிறார்கள். படிவத்தில் ஒரு விளக்கு எண், காரில் வேறு எண். அந்த அம்மா சும்மா விடுவாரா? நான் கையெழுத்துப் போட்ட எல்லாப் படிவத்தையும் எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பிவிட்டார். இருபத்தாறு படிவம். இருபத்தாறிலும் ஒரே எண். அழகான எழுத்தில், ஒரு பிசகு இல்லாமல்.

“உலகத்துலயே ஒரே ஜோடி வெளக்கு இருபத்தாறு கார்ல எரியுது. அதிசயமா இல்ல?”

எனக்கே சிரிப்பு வந்தது, சத்தியமாக. திருடப் போன வீட்டில் விலாசம் எழுதி வைத்துவிட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான். எண்ணை மாற்றி எழுதலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே? கட்டத்தில் கேட்டிருந்தார்கள், பார்த்து எழுதினேன். பொய்யைக்கூட உண்மையாக எழுதியிருக்கிறேன், முட்டாள்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். “மேடம், எனக்கு வெளக்கப் பத்தி என்ன தெரியும்? மச்சான நம்பி விட்டிருந்தேன். கையெழுத்து அவர் போட்டது.”

கையெழுத்து நான் போட்டதுதான். சுழியோடு.

சான்றிதழை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கொடுத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக இருக்கிறது. தங்கை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள். கடைசி வரைக்கும் தேடினாள்.

ஆகஸ்ட் 21

மனைவி சோற்றைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். “மச்சான், மனசுல வெச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் உள்ள போறதுக்குப் பதிலா ஒருத்தர் மாட்டினாப் போதும்னுதான்.” ஒருத்தர் என்றால் நான் என்று அவர் தனியாக யோசித்து முடிவு செய்திருக்கிறார். நல்ல கணக்கு.

விஷயம் வேறு. தங்கை பெயரில் கடையை மாற்றிவிட்டாராம். அவள் பரீட்சை எழுதப் போகிறாளாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

நான் போனேன். ஏன் போனேன்? வேறு எங்கே போவது, இந்த வயதில்? பத்தடி தள்ளிக் கறுப்பு டேப் ஒட்டிய சுவரில் வெளிச்சக் கோடு எங்கே விழ வேண்டும், எங்கே படி மாதிரி ஏற வேண்டும் என்று காட்டினேன். டக்கென்று பிடித்துக்கொண்டாள். எனக்கு நாலு மாதம் பிடித்தது.

அக்டோபர் 3

வெளுத்த சதுரத்தில் புதுச் சான்றிதழ். அளவு சரியாக இருக்கிறது.

மாட்டுவதும் கழற்றுவதும் நான். கையெழுத்துப் போடுவது அவள். விருந்தாளி அதே விருந்தாளி. எண் கட்டத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு எண் எழுதுகிறாள், மனதில் தோன்றுவதை. பத்தாவது படித்தவள் இல்லையா.

பழக்கதோஷம், அந்தக் கார்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். மூன்று ஆகிவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

சோதனை அலுவலகத்திலிருந்து வரச் சொன்னார்கள். அந்த அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இருபத்தாறு கார்க்காரர்களுக்கும் கடிதம் போட்டாராம், மூன்று பேர் வந்தார்களாம். மற்றவை அப்படியே ஓடுகின்றன.

“ஒங்க ஒருத்தர் தலையிலயே எல்லாம் விழுந்திருக்கு. யார் சொல்லி மாத்தினீங்க, என்னிக்கு எந்தக் கார், ஏதாவது எழுதி வெச்சிருந்தாக் குடுங்க. ஒங்க சான்றிதழப் பத்தி மறுபடி பேச முடியும்.”

நோட்டு என் பையில் இருந்தது. மடியில்தான் பையும் இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினால் என் பெயர் திரும்பி வரலாம். அடுத்த பக்கத்தில் தங்கையின் ஐந்து கார் இருக்கிறது.

“எழுதற பழக்கம் இல்லீங்க. அஞ்சாங்கிளாஸ்” என்றேன்.

அவர் நம்பவில்லை. அந்த எழுத்தைப் பார்த்தவர் ஆயிற்றே.

அக்டோபர் 18

இன்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வெளியே போயிருந்த நேரம்.

“கையெழுத்துப் போடாதம்மா. எனக்கு ஆனது ஒனக்கும் ஆகும்.”

“நீ போட்டப்பத் தப்பில்ல, நான் போட்டா மட்டும் தப்பாண்ணே?”

“நான் போட்டதும் தப்புதான். ஒருத்தர் கால் போயிருக்கு.”

“அன்னிக்கு எல்லாரையும் சிரிக்க வெச்சியே. விருந்தாளி, விருந்தாளின்னு. இப்ப ஒன் பேரு சுவத்துல இல்ல, அதான் வலிக்குது ஒனக்கு.”

அதுவும் உண்மை, கொஞ்சம். அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். ஜோக் அடித்து ஜோக் அடித்து அந்த வேலையைச் சாதாரணமாக்கியவன் நான். பெயர் வைத்தவன் நான். மாப்பிள்ளைக்கு அந்தத் திறமை கிடையாது.

நவம்பர் 12, புதன்

ஒரு நர்ஸ் அம்மாவின் கார். காலையில் விருந்தாளியை மாட்டிச் சோதனைக்கு அனுப்பினேன். பாஸ். மத்தியானம் கழற்ற வேண்டும், திருப்புளியோடு முன்னால் உட்கார்ந்தேன். அந்த அம்மா காரை எடுக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். நைட் டியூட்டி முடித்து விடியற்காலையில்தான் ஓட்டுவாராம்.

“எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட்ட அடிச்சு அடிச்சுத் திட்டறாங்கண்ணே. இனிமே திட்ட மாட்டாங்கல்ல?”

மாப்பிள்ளை உள்ளே போனில் இருந்தார். தங்கை என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பானெட்டை மூடினேன்.

“திட்ட மாட்டாங்கம்மா. போயிட்டு வாங்க” என்று சாவியைக் கொடுத்தேன்.

தங்கை தடுக்கவில்லை. வாசல் வரைக்கும் அந்தக் காரைப் பார்த்தாள், அவ்வளவுதான். விருந்தாளி போயே போய்விட்டது.

நவம்பர் 13

மாப்பிள்ளை போட்ட சத்தத்தை எழுத இந்த நோட்டு தாங்காது. வயிற்றில் அடித்துவிட்டேனாம். துரோகியாம். என் திருப்புளிகளைத் தெருவில் எறிந்தார், ஒவ்வொன்றாக. நானும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்று சாக்கடைக்குள் போய்விட்டது. “அது உங்களுக்கே இருக்கட்டும் மாப்ள” என்றேன். பழைய வாய், சும்மா இருக்கவில்லை.

தங்கை வாசல் வரை வந்தாள். “இனிமே இங்க வராதண்ணே” என்றாள், அவருக்குக் கேட்கிற மாதிரி. விருந்தாளியைத் தெரியாமல் விட்டாளா, தெரிந்தே விட்டாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டில் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தங்கையின் கார்கள் உள்ள தாள். இனி என் இருபத்தாறு மட்டும்தான் இருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன கிடைக்கும்? யார் சொல்லி மாற்றினேன் என்று அந்தக் கணக்கில் எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. குடும்பம்தானே.

நவம்பர் 24

சைக்கிள் கடையில் வேலை. டைனமோ விளக்கு, பின்னால் சிவப்பு வில்லை. எந்த நாட்டுச் சட்டமும் கிடையாது.

“முன்னேறிட்டீங்க. நாலு சக்கரத்துலேர்ந்து ரெண்டுக்கு” என்றாள் மனைவி. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரெண்டு பேரும் சிரித்தோம்.

டிசம்பர் 6, சனி

தங்கை போன் செய்யவில்லை. கடையில் புது ஜோடி வாங்கிவிட்டார்களாம், மறுபடி ஒன்றே ஒன்று. கழற்றி மாட்ட வேறு ஆள். சுவரில் அவள் பெயர் அப்படியே இருக்கிறதாம்.

காலையில் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். இன்னும் வெளிச்சம் வரவில்லை. பேப்பர் போடுகிறவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி ஓட்டுவதில்லையாம் இப்போது, கால் மடங்கவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்த ஆளாகத்தான் அவருக்குத் தெரியும். அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

வளைவில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. ரெண்டு பேரும் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தோம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மறுபடியும் மறைத்தோம். மூன்றாவது. அதற்குள் எனக்குக் கை வலித்தது.

நாலாவதும் வெள்ளைதான். கையைத் தூக்கிவிட்டேன். வெளிச்சம் எங்கள் காலடியோடு நின்றது. தெருவும் ஓரத்துக் கல்லும் பளிச்சென்று தெரிந்தன. கண் கூசவில்லை. ஓட்டுவது அந்த நர்ஸ் அம்மாவா என்று பார்ப்பதற்குள் கடந்துவிட்டது.

“பாத்தீங்களா, இப்படி ஓட்டணும். யாரோ மனுஷன்” என்றார் பேப்பர்காரர்.

டீயைக் குடித்தேன்.