தியோபால் சுட்ட ரொட்டி

அன்பு மகள் அடேலுக்கு,

மாதாவின் கிருபையால் வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவை இருமலும் விடவில்லை, அவர் புகைக்குழாயையும் விடவில்லை. பாரீசில் உன் உடம்பும் தையல் வேலையும் எப்படி என்று எழுது.

இங்கே ஒரு பெரிய சேதி. உன் மாமா தியோபால் வீட்டுக்கு ரொட்டி முறை வந்துவிட்டது. ஞாயிறு பூசையில் மந்திரித்த ரொட்டியை எல்லோரும் தின்றபின் ஒரு துண்டை அடுத்த வீட்டில் கொடுப்பதும், வாங்கிய வீடு அடுத்த ஞாயிறு சுடுவதும் உனக்குத் தெரியும். மாவு ஆலைக்கார காஸ்பாரின் குதிரையைத் திருடி, துலோன் சிறையில் சங்கிலியோடு கிடந்து தம்பி திரும்பிய நாள் முதல் அந்தத் துண்டு அவன் வாசலைத் தாண்டியே போயிற்று. ஊரில் பாதிக் கிணறு அவன் தோண்டியது, அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், அவன் கை ரொட்டி மட்டும் ஆகாது.

போன வாரம் முறை தம்பியின் பக்கத்து வீட்டு மெலனியுடையது. அவள் துண்டை நேரே தம்பியிடம் நீட்டிவிட்டாள். பெண்கள் வளைத்துக்கொண்டு கேட்டதற்கு, என் வீட்டுக்கு அடுத்த கதவு அவனோடதுதான், அதத் தாண்டிப் போக எனக்குக் கால் வலிக்குதுடி, உங்களுக்கு வலிக்கலைன்னா நீங்க தூக்கிட்டுப் போங்க என்றாளாம். தம்பி ஓடிவந்து, அக்கா, ஒருத்தரும் தொடலைன்னா நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன் என்றான். மூட்டைகூடக் கட்டி வைத்திருந்தான். நான் மாவு கொடுத்தேன். முதல் ரொட்டி அடி கருகிப்போனது, இரண்டாவது நன்றாக எழும்பியது.

கோவிலில் கூடை கிளம்பியது. முன்வரிசை கை நீட்டவில்லை. நானும் அப்பாவும் மெலனியும் எடுத்தோம், அது கணக்கில் சேராது. கூடை காஸ்பாரிடம் வந்தது, கோவிலே அவரைத்தான் பார்த்தது. அவர் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார், மென்றார், பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, உப்பு பத்தலை தியோபால், அடுத்த முறை பாத்துப் போடு என்றார். அடுத்த முறை என்றார், அடேல்! கூடை முன்வரிசைக்குத் திரும்பிப் போனது, வெறும் கூடையாகத்தான் தம்பியிடம் வந்தது.

ஆனால் தம்பி வீட்டுக்கு அடுத்த கதவு ஆலைதானே. அடுத்த வீட்டுக்கென்று முன்பே எடுத்துவைத்த துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்றவன் நகரவே இல்லை. காஸ்பார் எட்டிப் பார்த்து, அன்னைக்கு வேலியேறிக் குதிச்ச, இன்னைக்கு வாசல் தெறந்து கெடக்கு, வழி தெரியலையாடா என்று அதட்டினார். அவர் மனைவி சிரித்துக்கொண்டே துண்டை இரண்டு கையாலும் வாங்கி, இவனை உட்காரவைத்து சூப்பும் ஒரு கோப்பை வைனும் கொடுத்தாள். தம்பி என் வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்ததாகச் சொல்லிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். நான் தடுக்கவில்லை.

குளிர் வருகிறது, கம்பளிக் காலுறையை மறக்காதே. கர்த்தர் உன் கைக்கும் கண்ணுக்கும் துணையிருக்கட்டும். இன்னொன்று, அங்கே யாராவது கேட்டால் மாமா கப்பலில் போனார் என்று இனிமேல் சொல்ல வேண்டாம். சிறையில் இருந்தார், இப்போது எங்கள் ஊருக்கு ரொட்டி கொடுத்தார் என்று தலை நிமிர்ந்து சொல்.

உன் அம்மா,
ஒனோரின்